பந்து, பன்னு, பண்ணு: புள்ளைங்க நாக்கு எங்க இருக்கணும்?

எங்க ஃபேமிலி க்ரூப்புல போன வருஷம் ஒரு வீடியோ வந்துச்சு. கோட்டு போட்ட ஒருத்தர் ரெண்டு போட்டோவ பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுறாரு, ஒண்ணுல பையன் வாயைப் பொளந்துகிட்டு மந்தமா இருக்கான், இன்னொண்ணுல தாடையெல்லாம் ஜம்முனு இருக்கு, நடுவுல என்ன பண்ணுனான்னா நாக்கை மேல ஒட்டி வச்சானாம், ராத்திரி வாய் திறக்காம டேப்பு ஒட்டிக்கிட்டானாம், அவ்வளவுதானாம், க்ளிப்பும் வேண்டாம் ஆபரேஷனும் வேண்டாமாம். அதைப் பாத்துட்டு தங்கச்சிமடத்துல இருந்து எங்க அக்கா போன் பண்ணுச்சு. "தம்பி, இவனுக்கு ராத்திரி வாயில டேப்பு ஒட்டி விடவா? நீ பல் ஆஸ்பத்திரிலதான கெடந்த, சொல்லு."

இவன்ங்கறது அக்கா மகன், 7 வயசு. மேல் பல்லு எத்திக்கிட்டு இருக்கும், வாய மூடவே மாட்டான், ராத்திரி விடுற குறட்டைக்கு பக்கத்து வீட்டு நாயே எந்திரிச்சு பாக்கும். அவங்க மாமியார் கேட்டா "எங்க வீட்டுல எல்லாருக்கும் எத்துப்பல்லுதான், பரம்பரை, விடு"ங்குது. வீடியோக்காரர் கேட்டா நாக்குங்கறாரு. ரெண்டு பேரு சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு, அந்தப் பாதிதான் பிரச்சனை.

நான் டாக்டர் கிடையாது. ராமநாதபுரத்துல ஒரு பல் கிளினிக்ல 9 வருஷம் டாக்டர் பக்கத்துல நின்னு சக்‌ஷன் ட்யூப் பிடிச்ச ஆளு. அக்காவுக்கு போன்ல சொன்னதையே கொஞ்சம் விரிச்சு எழுதுறேன்.

கீழ் வீட்டு கூரைதான் மேல் வீட்டு தரை

நாக்கு நுனிய வச்சு வாயோட மேல்பக்கத்தை தடவிப் பாருங்க. கெட்டியா வளைவா இருக்குல்ல, அதுதான் அண்ணம். இது வாய்க்கு கூரை. ஆனா அதே எலும்புக்கு அந்தப் பக்கம் மூக்கு, அதாவது மூக்குக்கு இதுதான் தரை. மாடி வீடு மாதிரி ஒரே கான்கிரீட்டுதான், கீழ இருக்கறவனுக்கு கூரை, மேல இருக்கறவனுக்கு தரை. அண்ணம் அகலமா இருந்தா மூக்குக்குள்ள தரையும் அகலம். குறுகி கோயில் கோபுரம் மாதிரி மேல ஏறிப் போச்சுன்னா பல்லு வரிசையா நிக்க இடம் பத்தாது, மூக்கும் நெருக்கமாயிடும்.

சரி, இந்தக் கூரைய யாரு அகலமா வச்சிருக்கா? வீடு கட்டும்போது கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி அடில சென்ட்ரிங் அடிச்சு முட்டு கொடுப்பாங்க பாருங்க, காயிற வரைக்கும் அதுதான் தாங்கும். வளர்ற புள்ளையோட மேல்தாடைக்கு முட்டு கொடுக்குறதுல நாக்குக்கு பெரிய பங்கு இருக்கு. வெளிய ரெண்டு கன்னமும் உதடும் உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும், உள்ள இருந்து நாக்கு எதிர்த்து நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல எங்க பேலன்ஸ் ஆகுதோ அங்கதான் பல்லு போய் நிக்கும்.

பரம்பரையும் இல்லாம இல்ல. வீட்டு பிளான் மாதிரி அது, எத்தனை அடிக்கு எத்தனை அடின்னு ஓரளவு முன்னாடியே எழுதியாச்சு. ஆனா நல்ல பிளானா இருந்தாலும் முட்டு சரியா நிக்கலன்னா கூரை கோணும்.

கச்சான் காத்துல சாஞ்ச மரம்

இங்கதான் நிறைய பேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க, அதனால கொஞ்சம் நின்னு பேசுவோம்.

பாம்பன் தாண்டி தனுஷ்கோடி ரோட்டுல போனா ஒரே பக்கமா சாஞ்சு வளர்ந்த மரங்களைப் பாத்திருப்பீங்க. 1964 புயல் ஒரே ராத்திரில ஊரையே கொண்டு போச்சு. ஆனா இந்த மரத்தை சாய வச்சது புயல் கிடையாது, வருஷா வருஷம் கச்சான் காத்து மெதுவா நாள் முழுக்க தள்ளிக்கிட்டே இருந்துச்சு பாருங்க, அது. புயல் அடிச்சா மரம் முறியும், சாஞ்சு வளராது.

பல்லும் அப்படித்தான். கொஞ்ச நேரம் பலமா தள்ளுனா நகராது, நகரும்னா நாம பரோட்டா கடிக்கிற பலத்துக்கு எல்லாருக்கும் பல்லு எங்கெங்கயோ போயிருக்கணும். லேசான விசை மணிக்கணக்கா இருந்தாத்தான் நகரும். அமெரிக்காவுல வில்லியம் ப்ராஃபிட்னு ஒரு பெரிய பல் சீரமைப்பு டாக்டர் 1978லயே இதை தெளிவா எழுதி வச்சுட்டாரு. க்ளிப்பு வேலை செய்யறதும் இதே கணக்குலதான், கம்பி லேசாதான் இழுக்கும் ஆனா தூங்கும்போதும் விடாது.

இப்ப வீடியோக்கள்ல "உங்க குழந்தை முழுங்கும்போது நாக்கால பல்லை தள்ளுது, அதான் பல்லு எத்துது"ன்னு சொல்றாங்கல்ல, கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 1000 தடவை எச்சில் முழுங்குதுன்னே வைப்போம், ஒரு தடவைக்கு ஒரு செகண்ட் தள்ளுதுன்னு வைப்போம், மொத்தமே 17 நிமிஷத்துக்கு கீழ. அதுவும் துண்டு துண்டா. அது புயல் கூட இல்ல, ஒரு சின்ன ஊதல். நாக்கு மீதி நேரமெல்லாம் சும்மா எங்க கிடக்குது, அதுதான் காத்து. கை சூப்புற புள்ளைக்கு முன்பல்லு மேலயும் கீழயும் சேராம இடைவெளி விழுதே, அதுக்கும் காரணம் விரலோட பலம் இல்ல, ராத்திரி பூரா வாயிலயே இருக்குற நேரம்.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான். அண்ணம்தான் மூக்கோட தரை, நாக்கு அதுக்கு ஒரு முட்டு, பலத்தை விட நேரம்தான் எலும்பையும் பல்லையும் நகர்த்தும்.

அப்ப நாக்கு ஏன் கீழ இறங்குது?

ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. நாக்கு முழுசையும் அண்ணத்துல ஒட்ட வச்சுக்கிட்டு வாயால மூச்சு விடப் பாருங்க. வழி இருக்காது. வாயால மூச்சு விடணும்னா நாக்கு கீழ இறங்கியே ஆகணும், தாடையும் லேசா தொங்கணும். மூக்கு அடைச்ச புள்ள வாயைப் பொளந்துகிட்டு இருக்கறது கெட்ட பழக்கம்னு அடிக்கிறாங்க பாருங்க, பாவம், அது உசுரோட இருக்க வேற என்ன பண்ணும்?

மூக்கு ஏன் அடைக்குது? சின்னப் புள்ளைங்களுக்கு பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒண்ணு அலர்ஜி. நம்ம ஜில்லாவுல அதுக்கு பஞ்சமே இல்ல, சீமைக்கருவேலம் பூத்தா அந்த மகரந்தமே பல பேருக்கு அலர்ஜி, அதோட புழுதி, கொசுவத்திச் சுருள் புகை, விறகடுப்பு. இன்னொண்ணு அடினாய்டு. மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல இருக்குற ஒரு சதை, டான்சிலுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கங்க, நோய் எதிர்ப்புக்காக உடம்பு வச்சிருக்கறது. ஊர்ல "மூக்குல சதை வளந்திருக்கு"ன்னு சொல்றது பாதி நேரம் இதைத்தான். பள்ளிக்கூடம் சேர்ற வயசு வாக்குல பெருசா இருக்கும், வளர வளர சுருங்கிடும். பெருசா இருக்கற காலத்துல மூக்குவழிய அடைச்சுக்கும்.

இதை குரங்குகள்ல சோதிச்சும் பாத்திருக்காங்க. எகில் ஹார்வோல்டுங்கறவர் ரீசஸ் குரங்குங்களோட மூக்கை அடைச்சு வாயால மூச்சு விட வச்சாரு, கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கு. தாடை, பல்லு எல்லாம் மாறுச்சு. ஆனா ஒவ்வொரு குரங்குக்கும் ஒவ்வொரு மாதிரி மாறுச்சு, எந்தக் குரங்கு நாக்கையும் தாடையையும் எப்படி வச்சு சமாளிச்சுதோ அதுக்கு ஏத்த மாதிரி. அதனால "வாயால மூச்சு விட்டா முகம் நீளமாயிடும்"னு ஒரே அச்சுல வார்க்க முடியாது. ஸ்வீடன்ல ஸ்டென் லிண்டர் அரான்சன் 1970 வாக்குல அடினாய்டு பெருசா இருக்குற புள்ளைங்களை பாத்தாரு, அவங்களுக்கு அண்ணம் குறுகலாவும் முகம் கொஞ்சம் நீளமாவும் இருந்துச்சு. அடினாய்டை எடுத்து மூக்கால மூச்சு விட ஆரம்பிச்ச புள்ளைங்களுக்கு கீழ்த்தாடை வளர்ற திசை ஓரளவு சரியாச்சு. ஓரளவுதான், முழுசா இல்ல.

சுருக்கமா இப்படி வரும்: மூக்கு அடைக்குது, வாய் திறக்குது, நாக்கு இறங்குது, முட்டு போகுது, கன்னம் ஜெயிக்குது, அண்ணம் குறுகுது, மூக்கு இன்னும் நெருக்கமாகுது. வட்டமா சுத்துது பாருங்க.

இளநீர்ல போட்ட காகித ஸ்ட்ரா

இப்ப குறட்டைக்கு வருவோம், ஏன்னா மொத்த விஷயத்துல அவசரமானது இதுதான். பல்லு ஆறு மாசம் காத்திருக்கும்.

இளநீர்ல காகித ஸ்ட்ரா போட்டுக் குடிச்சிருப்பீங்க, கொஞ்ச நேரத்துல ஊறி சவசவன்னு ஆயிடும், அப்ப வேகமா உறிஞ்சுனா ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும், ஒண்ணும் வராது. நம்ம தொண்டையும் ஒரு மெத்துன குழாய்தான், சுத்தி எலும்பு இல்ல, தசைதான் திறந்து வச்சிருக்கு. தூங்கும்போது தசை தளரும். அதோட மேல அடைப்பும் இருந்தா புள்ள பலமா இழுக்கும், குழாய் அதிரும், அந்த அதிர்வுதான் குறட்டை. சில நேரம் முழுசா ஒட்டி மூச்சு நிக்கும், மூளை பதறி எழுப்பும், புள்ள திரும்பிப் படுக்கும், மறுபடி அதே கதை. இப்படி தூக்கத்துல மூச்சு அடைபட்டு நிக்கிறதுக்கு ஸ்லீப் ஆப்னியான்னு பேரு. 100 புள்ளைங்கள்ல ஒண்ணுல இருந்து அஞ்சு பேருக்கு வரைக்கும் இருக்கும்னு சொல்றாங்க.

பெரியவங்களுக்கு இது வந்தா பகல்ல தூங்கி விழுவாங்க. புள்ளைங்க அப்படி இல்ல, நிறைய பேரு தலைகீழா துறுதுறுன்னு கவனமே இல்லாம ஆடிட்டு இருப்பாங்க, டீச்சர் சேட்டைன்னு எழுதி அனுப்புவாங்க. வாரத்துல மூணு ராத்திரிக்கு மேல குறட்டை, நடுவுல மூச்சு நின்னு பொசுக்குனு இழுக்கறது, தலைய பின்னாடி சாய்ச்சு தூங்கறது, நிறுத்தின பிறகு மறுபடி படுக்கைய நனைக்கிறது, ராத்திரி வேர்த்துக் கொட்டறது, இதுல எது இருந்தாலும் முதல்ல காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போங்க. அதுக்கு மதுரைக்குத்தான் ஓடணும்னு இல்ல, ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில இருந்தே ஆரம்பிக்கலாம். போகும்போது புள்ள தூங்கறதை போன்ல ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு ரொம்ப உதவும். ஸ்லீப் ஆப்னியா இருக்கா இல்லையான்னு உறுதியா சொல்றதுக்கு ராத்திரி முழுக்க மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் பதிவு பண்ற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. பல்லைப் பாத்தே அதை சொல்லிட முடியாது, எவ்வளவு பெரிய பல் டாக்டரா இருந்தாலும்.

எல்லாருக்கும் ஆபரேஷன்தானா? இல்ல. அமெரிக்காவுல 5ல இருந்து 9 வயசு புள்ளைங்க 464 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 2013ல வெளிவந்தது. டான்சில், அடினாய்டு எடுத்தவங்கள்ல 79 சதவீதம் பேருக்கு தூக்கத்துல மூச்சு சரியாச்சு. எடுக்காம கவனிச்சுட்டே இருந்தவங்கள்லயும் 46 சதவீதம் பேருக்கு ஏழு மாசத்துல சரியாச்சு. இந்த 46ஐ மறந்துடாதீங்க, ஏன்னா "நாக்குப் பயிற்சி பண்ணினோம், குறட்டை போச்சு"ன்னு சாட்சி சொல்றவங்க சில பேருக்கு ஒண்ணுமே பண்ணாம இருந்தாலும் போயிருக்கும்.

மயோஃபங்ஷனல் தெரபின்னா என்ன

பேருதான் பெருசு. வாய், நாக்கு, உதட்டு தசைங்களுக்கு குடுக்கற பிசியோதெரபி, அவ்வளவுதான். புதுசும் இல்ல, ஆல்ஃப்ரட் ராஜர்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1918லயே பல் சீரமைப்போட தசைப் பயிற்சியையும் சேர்க்கணும்னு எழுதுனாரு.

முதல் பாடமே நாக்கோட வீடு எதுன்னு கண்டுபிடிக்கறது. இங்கிலீஷ்காரன் இதுக்கு படம் போட்டு காமிக்கணும், நமக்கு தமிழே போதும். மெதுவா சொல்லிப் பாருங்க: பந்து, பன்னு, பண்ணு. 'பந்து'ல வர்ற ந் சொல்லும்போது நாக்கு நுனி முன்பல்லுல முட்டுது, அது வேண்டாம். 'பண்ணு'ல வர்ற ண் சொல்லும்போது நாக்கு மடிஞ்சு ரொம்ப உள்ள போகுது, அதுவும் வேண்டாம். பேக்கரி 'பன்னு', அந்த ன் சொல்லும்போது பல்லுக்கு கொஞ்சம் பின்னாடி ஒரு மேடு மாதிரி இருக்குற இடத்துல ஒட்டுதுல்ல, அதுதான் வீடு. நுனி அங்க, மீதி நாக்கும் லேசா மேல ஒட்டி, உதடு மூடி, பல்லு ரெண்டும் கடிக்காம, மூச்சு மூக்குல.

அப்புறம் பயிற்சி. நாக்கை அண்ணத்துல உறிஞ்சி ஒட்டி குதிரை ஓடுற மாதிரி டொக் டொக்குனு சத்தம் விடறது, ஒட்டின நாக்கை விடாம வாயை மட்டும் திறந்து மூடறது, ஐஸ் குச்சிய உதட்டால மட்டும் பிடிச்சு நிக்கறது, தண்ணிய நாக்கை மேல வச்சே முழுங்கறது. தினமும் ரெண்டு மூணு வேளை, மாசக்கணக்குல. நான் கிளினிக்ல பாத்த வரைக்கும் ரெண்டாவது வாரத்துலயே முக்கால்வாசி வீட்டுல விட்டுருவாங்க, புள்ளைய குறை சொல்லி பிரயோஜனம் இல்ல, கூட உக்காந்து பண்ண ஆள் வேணும்.

பயிற்சி நேரம் மொத்தம் பத்து இருபது நிமிஷம்தான். மேல காத்து கணக்கு பாத்தோமே, அப்ப இருபது நிமிஷம் எலும்பை எப்படி அகலமாக்கும்? ஆக்காது. பயிற்சி நாக்குக்கு தெம்பையும் ஞாபகத்தையும் குடுக்கும், மீதி 23 மணி நேரம் நாக்கு தானா மேல இருந்தாத்தான் பலன். மூக்கு அடைச்சிருந்தா அது நடக்கவே நடக்காது. அதான் மூக்கு முதல்ல, நாக்கு அப்புறம்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது.

பலன் இருக்கான்னு கேட்டா, இருக்குன்னு சொல்ற ஆராய்ச்சி உண்டு. 2015ல பல ஆராய்ச்சிகளை சேர்த்துப் பாத்ததுல ஸ்லீப் ஆப்னியால மூச்சு நிக்கற எண்ணிக்கை பெரியவங்களுக்கு பாதியாவும், புள்ளைங்களுக்கு 62 சதவீதமும் குறைஞ்சதா வந்துச்சு. வீடியோக்காரங்க இந்த 62ஐ மட்டும் பெருசா போடுவாங்க. அதுல எத்தனை புள்ளைங்க தெரியுமா? 25 பேரு. எங்க தெருவுல அதை விட அதிகம். மத்த சிகிச்சையோட சேர்த்து செஞ்சா உதவுற துணைன்னு சொல்லலாம், அதை மட்டும் நம்பி குறட்டைய விட்டுற முடியாது.

க்ளிப்பு எங்க வருது

பல்லையும் தாடையையும் சீர் பண்ற வைத்தியத்துக்கு ஆர்த்தோடான்டிக்ஸ்னு பேரு. ஊர்ல எல்லாத்தையும் க்ளிப்புன்னே சொல்றோம், ஆனா அதுக்குள்ள வேற வேற வேலை இருக்கு.

மேல்தாடை ஒரே எலும்பு மாதிரி தெரிஞ்சாலும் நடுவுல ஒரு கோடு இருக்கு, வள்ளத்துல ரெண்டு பலகை சேருற இடம் மாதிரி. சின்ன வயசுல அந்த இணைப்பு இறுகி இருக்காது. அதுக்குக் குறுக்கால ஒரு திருகு வச்ச கருவிய மாட்டி, வீட்டுல அம்மாவே சின்ன சாவி வச்சு திருப்பணும், ஒரு திருப்புக்கு கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். இதுக்கு எக்ஸ்பாண்டர்னு பேரு. கூரை அகலமாகுது, கூடவே மூக்கோட தரையும். திருப்பி முடிச்சதும் கழட்டக்கூடாது, இடைவெளில புது எலும்பு வளர சில மாசம் அப்படியே இருக்கணும். டீன் ஏஜ் தாண்டத் தாண்ட அந்த இணைப்பு இறுகிடும், அதனாலதான் வயசு முக்கியம். அமெரிக்க பல் சீரமைப்பு சங்கம் 7 வயசுக்குள்ள ஒரு தடவை காட்டிருங்கன்னு சொல்லுது. காட்டத்தான் சொல்லுது, எல்லாருக்கும் மாட்டச் சொல்லல. அதே சங்கம் 2019ல அண்ணம் குறுகலா இல்லாத புள்ளைக்கு ஸ்லீப் ஆப்னியாவுக்காக மட்டும் எக்ஸ்பாண்டர் போடக்கூடாதுன்னும் சொல்லியிருக்கு.

கீழ்த்தாடை பின்தங்கி இருக்கற புள்ளைங்களுக்கு வயசுக்கு வர்ற சமயத்துல கழட்டி மாட்டற கருவி உண்டு. கடைசியா, பால் பல்லெல்லாம் விழுந்து முடிஞ்சு 12 வயசு வாக்குல, நாம பாக்கற கம்பி க்ளிப்பு. க்ளிப்புக்காக நாலு பல்லு எடுத்தா மூச்சுக்குழாய் சின்னதாகி ஸ்லீப் ஆப்னியா வரும்னு ஒரு பயம் சுத்துது, அதுக்கு ஆதாரம் இல்லன்னும் அதே 2019 அறிக்கைல இருக்கு.

வீடியோவுல வர்ற மீதி சங்கதி

வாய்க்கு டேப்பு: புள்ளைக்கு ஒட்டாதீங்க. மூக்கு அடைச்சா, வாந்தி வந்தா, அதால பிச்சு எடுக்க முடியாது.

மியூயிங்னு பசங்க கண்ணாடி முன்னாடி நாக்கை அழுத்திக்கிட்டு நிக்கறாங்களே, 20 வயசு ஆளுக்கு அதனால தாடை எலும்பு மாறும்னு நிரூபணம் இல்ல. நாக்குக்கு அடில கட்டு இருக்கு, லேசர்ல வெட்டணும்னு சொன்னா உடனே தலையாட்டாம, எதுக்காக வெட்டணும், பேச்சுக்கா பால் குடிக்கறதுக்கான்னு கேட்டு இன்னொரு டாக்டரையும் பாருங்க.

பனங்கிழங்கு தின்னா தாடை வளருமா? இது எங்க அம்மா கேட்டது. மெல்லுறதுக்கும் தாடை வளர்ச்சிக்கும் சம்பந்தம் இருக்கு, மெத்துன தீனி மட்டும் போட்டு வளர்த்த விலங்குகளுக்கு தாடை சின்னதா இருந்துச்சுன்னு சோதனைல பாத்திருக்காங்க. புள்ளைக்கு நல்லா மெல்லக் குடுங்க. கோணப் பல்லு அதால நேராகாது.

அக்கா மகன் கதை

டேப்பு ஒட்டல. மூக்கு டாக்டர் பாத்தாரு, அடினாய்டு நடுத்தரமா பெருசு, கூட அலர்ஜி. மூக்குக்கு ஸ்ப்ரே எழுதி மூணு மாசம் பாப்போம்னாரு, கொசுவத்திய நிறுத்தி வலை கட்டச் சொன்னாரு. குறட்டை முழுசா போகல ஆனா மூச்சு நிக்கறது நின்னுச்சு, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம்னு ஆச்சு. அப்புறம்தான் பல்லு. மேல் கடைவாய்ப் பல்லு கீழ்ப் பல்லுக்கு உள்பக்கமா கடிச்சுட்டு இருந்துச்சு, அண்ணம் நிஜமாவே குறுகல், அதனால எக்ஸ்பாண்டர்.

திருப்ப ஆரம்பிச்ச ரெண்டாவது வாரத்துல முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து விழுந்துச்சு. விழணும், எலும்பு பிரியுதுன்னு அர்த்தம், பின்னால தானா சேரும். அவங்க அப்பத்தாவுக்கு யாரும் சொல்லி வைக்கல. "இருந்த பல்லையும் பிரிச்சு விட்டுட்டாய்ங்களே"ன்னு ஒரு நாள் பூரா சாப்பிடல.

நாக்குப் பயிற்சிய இப்ப அக்காவும் கூட உக்காந்து பண்ணுது. 12 வயசுல கம்பி போட வேண்டி வரலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. பயல் மட்டும் என்னைப் பாத்தா "மாமா, நாக்கு பன்னுல இருக்கு"ன்னு வாயைத் திறந்து காட்டிட்டு, நிஜ பன்னுக்கு காசு கேக்கறான்.